மகசூல் கூடிய குற்றம்

அக்ரி படித்தால் வயலில் வேலை என்று யாரோ சொல்லிக் கேட்டுத்தான் எழில்மொழி படித்தாள். அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். பாபநாசம் பக்கத்தில் உதவி வேளாண்மை அலுவலராக ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. வேலை முழுக்கச் செல்போனில். பயிற்சிக் கூட்டம் என்றால் இருபது பேரை உட்காரவைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். பாடம் நடந்ததா என்று எவரும் கேட்பதில்லை. வந்தவர்களும் டீயும் சுண்டலும் ஆனதும், "போட்டோ விழுந்துடுச்சுல்ல மேடம்? அப்ப கிளம்பட்டுமா?" என்பார்கள். சொல்லிக்கொண்டு போகிற மரியாதையாவது இருந்தது.

இந்தக் கண்றாவியை விட்டுத் தொலைக்கலாம் என்று வங்கித் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். கும்பகோணத்தில் ஏசி அறை. மாசி முடிவதற்குள் சேர வேண்டும். ஒரே ஓர் உறுத்தல்தான்: ஒன்பது வருஷத்தில் தன்னால் ஒரு மரக்கால் நெல்லாவது கூடுதலாக விளைந்ததா? விளைந்தது என்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

நம்புவதற்கு ஒரு வயல் மட்டும் இருந்தது. அம்சவல்லியின் வயல். ஊரார் நிலத்திலெல்லாம் கூலிக்கு நட்ட கை. இப்போது ஒரு ஏக்கர் குத்தகை எடுத்திருந்தாள். ஒரு சாண் இடைவெளி, குத்துக்கு ஒற்றை நாற்று என்று எழில்மொழி சொன்னதை மூன்று வருஷமாக அப்படியே செய்தாள். "நாத்துக்குப் பஞ்சமா அம்சவல்லி? வேணும்னா எங்கிட்ட ரெண்டு கட்டு வாங்கிக்க" என்று விவசாயிகள் சங்கத் தலைவர் ரெத்தினம் சிரித்தார். ஊரும் சேர்ந்து சிரித்தது.

இந்தத் தையில், கதிர் முற்றும் நேரம் பார்த்து மழை கொட்டியது. நெருக்கி நட்ட பயிரெல்லாம் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது. அம்சவல்லியின் பயிர் மட்டும் தடித்த தாளோடு நின்றது.

காப்பீட்டுக்கான பரிசோதனை அறுவடை வந்தது. கணினி குலுக்கிப்போடும் நான்கு வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, எடை போட வேண்டும். சராசரி குறைந்தால் ஊருக்கே இழப்பீடு. கூடினால் ஊருக்கே பட்டை நாமம். மூன்று வயல்களில் எதுவும் ஆறு கிலோவைத் தாண்டவில்லை. ஊர் மகிழ்ச்சியாக இருந்தது. நாலாவதாக வந்து விழுந்தது அம்சவல்லியின் சர்வே எண்.

"மேடம், அந்த ஈசானி மூலையில தண்ணி நின்னு கொஞ்சம் சாஞ்சு கெடக்கு. கயித்த அங்க தள்ளிக் கட்டிடுங்க. ஊரே உங்களக் கையெடுத்துக் கும்பிடும்" என்றார் ரெத்தினம். இத்தனை வருஷத்தில் அவர் குரல் இவ்வளவு குழைந்து அவள் கேட்டதில்லை.

எழில்மொழி கயிற்றைக் கையில் எடுத்தாள். தள்ளிக் கட்டினால் ஊர் பிழைக்கும். கட்டாவிட்டால் தன் ஒன்பது வருஷ உழைப்பு முதல்முறையாக அரசாங்கத் தராசில் ஏறும். நேர்மை, கடமை என்றெல்லாம் பின்னால் சொல்லிக்கொண்டாள். அந்த நிமிஷம் இருந்தது வெறும் ஆசை.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்று வரப்பில் நின்ற அம்சவல்லியைக் கேட்டாள்.

"என் வயல்ல வெளையலன்னு எழுதுவீங்களாம்மா?" என்றாள் அம்சவல்லி.

கணினி சொன்ன இடத்திலேயே எழில்மொழி கயிறு கட்டினாள். பதினேழு கிலோ. அவளுக்குக் கண் கலங்கியது. ரெத்தினத்துக்கும் கலங்கியது, காரணம் வேறு. சராசரி ஏறி, இழப்பீடு போயே போய்விட்டது.

திங்கட்கிழமையே கலெக்டர் ஆபீஸில் மனு விழுந்தது. ‘மேற்படி அலுவலர் சொல்லிக்கொடுத்த ஒற்றை நாற்று நடவால் மகசூல் அளவுக்கு மீறிக் கூடி, ஊரின் சராசரி கெட்டுவிட்டபடியால், அவரை உடனே வேறிடம் மாற்றும்படி...’ நாற்பத்தாறு கையெழுத்து, மேலே முத்திரை. ஒன்பது வருஷமாக ஏங்கிய தாள், மூன்று நாளில் விளக்கம் கேட்கும் மெமோவோடு அவள் கைக்கு வந்தது. முதல் கையெழுத்து அம்சவல்லி.

வண்டியை எடுத்துக்கொண்டு அம்சவல்லியிடம் ஓடினாள். "நீங்களுமாக்கா?"

"போடலன்னா அறுப்பு மிஷின அவங்க வயல் வழியா விடமாட்டோம்னுட்டாங்கம்மா. முத்துன கதிரு, எத்தன நாள் நிக்கும்? நான் இந்த ஊர்லதானே இருந்தாவணும்." அம்சவல்லி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல ‘சற்றே கூடி’ன்னுதான் எழுதியிருந்தாங்க. ‘அளவுக்கு மீறி’ன்னு போட்டாத்தான் கையெழுத்துன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டேன்."

வங்கியில் சேரக் கடைசி நாள் வந்தது. போகத் துடித்தவளைப் போ என்று சொன்னதும் வீம்பு வந்துவிட்டது, போகவில்லை. அன்று விளக்கக் கடிதத்தோடு இணை இயக்குநர் முன்னால் நின்றாள். ஒரே வரி: ‘மனுவில் கண்ட குற்றச்சாட்டு முழுவதும் உண்மை.’

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மாத்தல் நிச்சயம்மா. பாதியையாவது மறுத்து எழுதித் தொலைக்கலாம்ல?"

"ஒரு கிலோகூடக் குறைக்க முடியாது சார்" என்றாள் எழில்மொழி.