ஆறு ஐம்பத்திரண்டுக்கு யார் எங்கே

காலை ஆறரைக்கே எங்கள் தொழிற்பேட்டை ஊரான குருபோங்கில் பேக்டரி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். ஷிப்டுக்குப் போகும் பெற்றோர் எங்கள் சிறப்புக் கல்வி மையத்தின் வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள். மையம் கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. நடக்க முடியாத பிள்ளைகளை உதவியாளர்களான எங்களில் இருவர் சேர்ந்து பதினெட்டுப் படி தூக்க வேண்டும். ஒருவர் கை கக்கத்தில், மற்றவர் கை முழங்காலுக்கு அடியில். திவ்யதர்ஷினி முப்பத்தெட்டுக் கிலோ. உடம்பு விறைத்துக்கொண்டால் இன்னும் கனப்பாள்.

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு, என்னோடு வேலை செய்யும் மங்களம் அக்கா அவளைத் தனியாகத் தூக்கினார். பன்னிரண்டாம் படியில் கால் வழுக்கியது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா விழுந்தார். திவ்யாவுக்குக் கீறல்கூட இல்லை. அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்தது.

புதன்கிழமை முதலாளி தனபாலன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று, அடுத்த ஆண்டுக்கான என் ஒப்பந்தம். எப்போதும் பதினொரு மாதம்தான். டிசம்பரில் சம்பளமில்லாமல் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி புதிதாகச் சேர வேண்டும். ஒன்பது ஆண்டு வேலை செய்த மங்களம் அக்காவும் அவர் கணக்கில் புது ஆள்தான். மற்றது விபத்து அறிக்கை. ஏற்கெனவே எழுதியிருந்தது.

"ஆள் கூப்பிடாம, ரூல்ஸ மீறித் தூக்கினாங்க. அவ்வளவுதான் லா. சைன் பண்ணு தேவி."

"கூப்பிட்டாங்க சார்."

"யார?"

"என்னத்தான்."

"நீ போனியா?"

போகவில்லை. அக்கா கூப்பிட்டபோது 'ரெண்டு நிமிசம்க்கா' என்று நான் கத்தியது உண்மை.

அவர் குரலை உயர்த்தவேயில்லை. "அப்ப அதையே எழுதிருவோமா? கூப்பிட்டும் போகாத பிள்ளைன்னு? நைட் கிளாஸ முடிச்சிட்டு வேற சென்டர்ல வேல கேப்ப. அங்கேர்ந்து ஒன்னப் பத்திக் கேட்டு எனக்குத்தான போன் வரும். வெள்ளிக்கிழம சைன் பண்ணிக் கொண்டா."

சிறப்புக் கல்விப் பயிற்சிக்காக நான் போகும் இரவு வகுப்பில் அன்று எதுவும் காதில் ஏறவில்லை. 'நான் போயிருந்தால்' என்று நோட்டில் எழுதி நான்கு முறை அடித்தேன். சிம்பாங் அம்பாட்டில் வீட்டோடு கிடந்த மங்களம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சைன் பண்ணிரு பிள்ள. என் கை எப்படியும் ஒடஞ்சிருச்சு. ஒன் பொழப்பப் பாரு."

அவர் அப்படி விட்டுக்கொடுத்தது எனக்குப் பெரும் சுமையாக இருந்தது. போகாத அந்த இரண்டு நிமிடம் நான் என்ன செய்தேன் என்பதை அப்போதுதான் எழுதினேன்: '6.52. கழிவறை. ஒரு பிள்ளைக்குப் பேம்பர்ஸ் மாற்றினேன். விட்டால் மேசையிலிருந்து விழுவாள்.'

மறுநாள் காலை இன்னொரு உதவியாளரான பாக்கியம் அக்காவோடு திவ்யாவைத் தூக்கும்போது கேட்டேன். "அந்த நேரத்துல நீங்க எங்கக்கா இருந்தீங்க?"

"ஏன், போலிசுல சேர்ந்துட்டியா?" மூச்சிரைக்க நான்கு படி ஏறினார். "ஒரு பிள்ள தலையச் செவுத்துல முட்டிக்கிட்டிருந்துச்சு. நடுவுல என் கைய வச்சிருந்தேன். பாரு, வீக்கம்."

எங்களோடு வேலை செய்யும் நிவேந்திரன் அந்த நேரத்தில் வாசலில், ரோட்டுக்கு ஓடிய பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் நால்வர். போன டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பிய இருவரை முதலாளி திரும்ப அழைக்கவேயில்லை.

"ஒன் நோட்டுல இதையும் எழுது," என்றான் நிவேந்திரன். "என் பேரப் போட்டே எழுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

ஆறு ஐம்பத்திரண்டுக்கு யார் எங்கே இருந்தோம் என்று ஒரே தாளில் மூவரும் எழுதினோம். அடியில்: இனி இருவர் இல்லாமல் தூக்கமாட்டோம். மங்களம் அக்காவுக்கும் சேர்த்து, பன்னிரண்டு மாதமும் சம்பளத்தோடு நிரந்தர வேலை வேண்டும். அதுவரை யாரும் தனியாக ஒப்பந்தத்தில் கையெழுத்திடமாட்டோம்.

வெள்ளிக்கிழமை மங்களம் அக்கா மாவுக்கட்டோடு வந்துவிட்டார். அந்தத் தாளில் இடது கையால் கோணலாகப் பெயரெழுதினார்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றார் முதலாளி.

நால்வரும் உள்ளே போனோம். எங்கள் பக்கம் ஒரே நாற்காலிதான். அதில் அக்காவை உட்கார வைத்தோம். முதலாளி தாளைப் படித்தார். மடித்தார்.

"நாலு பேருக்கும் கதவச் சாத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

"நாங்க கீழ நிப்போம் சார்," என்றார் பாக்கியம் அக்கா. "காலையில பிள்ளைங்களக் கொண்டாந்து விடுவாங்கல்ல, அவங்ககிட்ட ஏன்னு சொல்லணும்."

முதலாளி போனை எடுத்து, வேறு ஆள் கிடைக்குமா என்று யாரையோ அழைத்துக் கேட்டார். பாக்கியம் அக்காவின் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. யாரும் வெளியே போகவில்லை.