உப்புப் பார்க்கத் தெரியாதவன்

பட்டாபிராமன் கொழும்பிலிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்தபோது, அவன் லீவில் வந்திருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் சொல்லியிருந்தான். அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வா என்று அனுப்பி வைத்தவர், அவன் சமையல் படித்துக்கொண்டிருந்த பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். ஆனால் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். உப்புப் பார்க்கக் கற்றுக்கொண்டால் வா, இல்லையென்றால் வராதே.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சமையல் படிக்கிறவனுக்கு உப்புப் பார்க்கத் தெரியாதா என்பார்கள். பட்டாபிக்குத் தெரியாது.

அவன் அப்பா உப்பிலி அய்யங்கார் ஊர்ப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். சின்ன வயதிலிருந்தே வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு அவருடன் அடுப்படியில் நின்றவன் பட்டாபி. பெருமாளுக்குப் போவதை முன்னதாக முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. உப்பு கைக்குத் தெரியும். புளியின் பச்சை வாசனை போனதைக் கொதிக்கிற சத்தம் சொல்லும். பருப்பு மசிந்ததைக் கரண்டி சொல்லும். பிரசாதமாகத் திரும்பி வந்த பிறகும் நன்றாயிருக்கிறது, இல்லை என்று யாரும் பேச மாட்டார்கள். பெருமாளே குறை சொல்லாததில் மனுஷன் என்ன குறை காண்பது? ஒரு மார்கழியில் வெண்பொங்கலில் உப்பு இரண்டு பங்கு விழுந்துவிட்டது. ஊர் முழுவதும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குடித்தது.

மடைப்பள்ளியில் அப்பாவுக்குப் பிறகு அண்ணாவுக்குத்தான் இடம். அதனால் கொழும்பில் குமாஸ்தாவாக இருந்த மாமா, பட்டாபியைக் கூட்டிப்போய் ஹோட்டல் சமையலில் சேர்த்துவிட்டார். அங்கே அவன் மீன் செதில் சுரண்டினான். இறைச்சி நறுக்கினான். கையைக் கழுவினால் போயிற்று என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டான். நாக்கை எப்படிக் கழுவுவது?

தலைமைச் சமையல்காரர் சுவிட்சர்லாந்துக்காரர், கெட்டவர் இல்லை. வருஷ முடிவுப் பரீட்சையில் இவனுக்கு மட்டும் வெறும் காய்கறி சூப்பைத்தான் கொடுத்தார். அடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பாதியில் இவன் கையில் ஒப்படைத்தார்கள். பாத்திரம் கை மாறினால் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பது அங்கே பழக்கம். இவன் பார்க்கவில்லை. முன்னவன் போட்ட உப்பின் மேல் தன் கைக்குத் தெரிந்த உப்பைப் போட்டு அனுப்பிவிட்டான். சாப்பிட உட்கார்ந்தவர்கள் துப்பினார்கள். தலைமைச் சமையல்காரர் ஒரு கரண்டி சூப்பை எடுத்து, இப்போதாவது குடித்துப் பார் என்று நீட்டினார். பட்டாபி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

வீட்டில் அம்மா செங்கமலம் அவனைப் பார்த்ததும் அழுதாள். உடனே, "கப்பலேறி வந்திருக்கே, சமையலுள் பக்கம் வராதேடா கண்ணா. கூடத்துலேயே உட்காரு, கொண்டு வந்து போடறேன்" என்றாள்.

அதனால் பழகிக்கொள்ள வேறு அடுப்புத் தேட வேண்டியிருந்தது. கூடப் படித்த ஜானகிராமன் மராமத்து ஆபீசில் இருந்தான். அவன் சொல்லி, மாமல்லபுரத்துப் பிரயாணிகள் பங்களாவில் இடம் கிடைத்தது. கற்கோயில்களைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து வரும் வெள்ளைக்காரர்களும் ஆபீசர்களும் தங்குகிற பங்களா அது. அங்கே சமைக்கிறவள் சாராள். பட்டாபியைவிட நாலைந்து வயசுதான் பெரியவள். தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் போவான். வீட்டில் சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொன்னான்.

முதல் நாள் அவன் கரண்டியை உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினான்.

"இன்னா சாமி, அத்த அப்டி பாக்கிற? கடிக்குமா அது?" என்றாள் சாராள்.

"இல்லை. பழக்கமில்லை."

"சூடா கீதுன்னா ஊதிக்கினு குடி."

கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். வெளியே ஓடி வாயைக் கொப்பளித்தான். உள்ளே வந்து, அடுப்பிலிருந்த பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டுபோய் மணலில் கொட்டினான்.

"அய்யே, அத்த ஏன் கொட்டிட்ட?"

"எச்சிலாயிடுத்து."

"கரண்டிதானே எச்சில்? குண்டான் இன்னா பண்ணிச்சி?"

காவல்காரர் கண்ணாயிரம் வாசற்படியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "கொப்புளிக்கறதுக்கா இம்மாந் தொலவு பஸ்ஸு ஏறி வர்ற, தம்பி? அதுக்கு உங்கூட்டுக் கெணறு போதாதா?" என்றார்.

சாராள்தான் வேறு வழி சொன்னாள். கரண்டி வேண்டாம், உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார் என்றாள். அது கொஞ்சம் சுலபமாக இருந்தது. ஒரு வாரத்தில் கொப்பளிப்பது நின்றது. அதற்கடுத்த வாரம் பாத்திரத்தைக் கொட்டுவதும் நின்றது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் காற்று முகத்தில் அடிக்க, அவன் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டணத்திலிருந்து ஒரு துரையும் துரைசானியும் வந்தார்கள். பட்டாணி சூப்பைத் தானே செய்கிறேன் என்று பட்டாபி கேட்டு வாங்கிக்கொண்டான். இதுதான் பரீட்சை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டான். இதில் தேறினால் கொழும்புக்கு ரயிலேறலாம்.

உள்ளங்கையில் விட்டு நக்கினான். சப்பென்று இருந்தது போல் பட்டது. உப்புப் போட்டான். மறுபடி நக்கினான். இப்போதும் அப்படியே இருந்தது. மறுபடி போட்டான். பிறகு கரிப்பது போல் தோன்றியது. தண்ணீர் விட்டான். நக்கினான். நாக்கில் ஏதோ இருந்தது. ஆனால் போதும் என்றோ போதாது என்றோ நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் பிறந்ததிலிருந்து யாரும் அந்த நாக்கை ஒரு கேள்வி கேட்டதில்லை.

இரண்டு கோப்பைகளும் நிறைந்தபடியே திரும்பி வந்தன. துரைசானி வயிறு சரியில்லை என்றாளாம். சாராள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இத்த எந்த வாயில வெச்சிப் பாத்த சாமி?"

"இந்த வாயிலதான்."

"அப்போ வேற வாய் வாங்கு." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "வந்த புதுசுல பாக்காம போட்டியே, நீ கொட்டிட்டப்பறம் கரண்டில ஒட்டிக்கினு இருந்தத நான் நக்கிப் பாத்தேன். சோக்கா இருந்திச்சி. அதுமேரியே போடேன். இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

மறுநாள் அப்படிப் போட்டுப் பார்த்தான். உப்பை அள்ளிய கை பாத்திரத்துக்கு மேலே நின்றுவிட்டது. இவ்வளவு போதுமா என்று அவனையே கேட்டது. அதற்கு முன் ஒரு நாளும் அந்தக் கை அவனைக் கேட்டதில்லை. கொஞ்சம் போட்டான். மிச்சத்தைத் திரும்ப வைத்தான். பிறகு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டான். சாராளை ருசி பார்க்கச் சொன்னான். அவள் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மீன் கழுவப் போய்விட்டாள். பட்டாபி மறுபடி மாமல்லபுரம் போகவில்லை.

அன்று சாயங்காலம் கோயிலிலிருந்து வந்த அப்பா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். பட்டாபி பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அப்பா, நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

"இருந்து?"

"மடைப்பள்ளில அண்ணாவுக்கு ஒத்தாசையா."

அப்பா நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். "சமுத்திரம் தாண்டினவன் அங்க கால் வைக்கப்படாதுடா."

"கொழும்பெல்லாம் ஒரு சமுத்திரமா அப்பா? கப்பல்ல உட்கார்ந்து எழுந்துக்கறதுக்குள்ள வந்துடறது."

"வாய்க்கால் மாதிரி இருந்தாலும் தாண்டினது தாண்டினதுதான்."

"இது தெரிஞ்சுண்டுதான் என்னை அனுப்பினேளா?"

"தெரியாமலா அனுப்புவா? நீயாவது இந்தப் புகைல வேகாம இருக்கட்டுமேன்னு நினைச்சேன்." அவர் இருமினார். பிறகு, "அங்க எல்லாம் நன்னாத்தானே போயிண்டிருக்கு?" என்று கேட்டார்.

"நன்னாத்தான் போயிண்டிருக்கு" என்றான் பட்டாபி.

வேறு என்ன சொல்வது? அதைச் சொன்ன பிறகு ரயிலேறாமலும் இருக்க முடியாது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே புளிஞ்சாதம் கட்டிக் கொடுத்தாள். அப்பாவும் அண்ணாவும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை அண்ணாவின் மேல்துண்டு பிளாட்பாரத்தில் ஆடிக்கொண்டிருந்ததுபோல் அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மதுராந்தகத்தில் நெல் வியாபாரி ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். பட்டாபி அப்போது பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, பெருங்காயம் வண்டியத் தூக்குது" என்றார் அவர்.

தான் தொடாத பக்கத்திலிருந்து ஒரு பங்கை இலைத் துண்டில் தள்ளி அவரிடம் கொடுத்தான். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"ஏன் நைனா, உங்கூட்ல உப்பு போடற வழக்கம் இல்லியா?"

"ஏன்?"

"ஏனாவது. ஒரு கல்லு உப்பு கூட இல்ல இதுல. நீ இன்னான்னா பாதிய துன்னுட்டு குந்திகினு கீற."

பட்டாபி இன்னொரு வாய் எடுத்துப் போட்டு மெதுவாக மென்றான். புளி இருந்தது. எண்ணெய் இருந்தது. உப்பு இருக்கிறதா என்று தேடினான். இருக்கிறது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"நெஜமாவே இல்லையா?" என்று கேட்டான்.

"கிண்டல் பண்றியா? வாயிலதானே வெச்சிகினு கீற?" என்று அவர் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

விழுப்புரம் வந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டுக்குப் போகிற வண்டி புகைந்துகொண்டு நின்றது. பட்டாபி அதைப் பார்த்தான். அதில் ஏறினால் போய் இறங்குவதற்கு ஊர் இருக்கிறது, உள்ளே போக அடுப்படி இல்லை. இந்த வண்டியில் போனால் அடுப்படி இருக்கிறது, அதில் நிற்க அவனுக்கு நாக்கும் இல்லை, கையும் இல்லை. விசில் ஊதியது. மிச்சமிருந்த சாதத்தை வீணாக்கக் கூடாதென்று அவன் குனிந்து சாப்பிடத் தொடங்கினான்.