விசேஷமில்லாமல் வந்த மொய்

என் தம்பி உமேஷ் துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மொய்யைத் திருப்பி அனுப்பினான். யார் வீட்டிலும் கல்யாணமில்லை, காதுகுத்து இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமை. சோபாவில் சாய்ந்துகொண்டு போனைத் தட்டித் தட்டி அனுப்பினான். அவனவன் செய்ததற்கு மேல் நூற்றியொரு ரூபாய் கூடுதலாம். எனக்கும் வந்தது. கூடப் பிறந்தவளுக்கே வந்தது.

மொய்யைக் கடன் என்று நினைக்கிறவனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? எங்கள் சொந்த ஊரான ஹனூர்ப் பக்கத்தில் உன் வீட்டு விசேஷத்துக்கு நான் செய்வேன், என் வீட்டு விசேஷத்துக்கு நீ செய்வாய். அது இப்படியும் அப்படியும் போய்வரும் வரைக்கும்தான் உறவு. ஒரு விசேஷமும் இல்லாத நாளில் மொய்யைத் திருப்பினால், இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். பங்காளிச் சண்டை முற்றி வெட்டுக்குத்து ஆன வீடுகளில்தான் அப்படிச் செய்வார்கள். இவனைக் கேட்டால், வெளிநாடு போகிறவன் பாக்கி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்தானாம்.

பெரியப்பா நஞ்சுண்டசாமி ஹனூரிலிருந்து என்னைக் கூப்பிட்டுத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டுவதற்கு அவனைக் கூப்பிட வேண்டியதுதானே? அவன் அதற்குள் விமானம் ஏறிவிட்டான். மைசூர் மண்டி மொஹல்லாவில் மிளகாய் மஞ்சள் மொத்தக் கடை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நான்தான் எல்லோருக்கும் வாகாகக் கிடைத்தேன்.

அத்தோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து என் வங்கிக் கணக்கு பூட்டிக்கொண்டது. என் மகள் சுசித்ராவுக்கு ஆவணியில் கல்யாணம். நஞ்சன்கூட்டில் மண்டபம், சமையல்காரர், நகைக்கடை, எல்லாவற்றுக்கும் வைத்திருந்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. நகைக்கடையில் கார்டைத் தேய்த்தபோது போகவில்லை. மறுபடி தேய்த்தும் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

வங்கி மேலாளர் நிதானமாக விளக்கினார். வேறொரு மாநிலத்தில் வயதான ஒரு மனிதரை போனில் மிரட்டி யாரோ பணத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் பல கை மாறி உமேஷின் கணக்குக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து எங்கெல்லாம் போனதோ அந்தக் கணக்குகளையெல்லாம் அந்த மாநிலத்துப் போலீஸ் நிறுத்தச் சொல்லிவிட்டது. எனக்கு வந்தது வெறும் மொய். அதற்காக என் கணக்கு மொத்தமும் போயிற்று. தொட்டியில் ஒரு பல்லி விழுந்ததற்காக வீட்டுக்கு வரும் தண்ணீரையே அடைத்த மாதிரி.

எனக்கு மட்டுமா? நஞ்சுண்டசாமிப் பெரியப்பா மஞ்சள் விற்று வைத்திருந்த பணம், பொன்னம்மாச் சித்திக்குப் பால் சொசைட்டியிலிருந்து வரும் பணம், எல்லாம் போச்சு. யாருக்கெல்லாம் மொய் திருப்பினானோ அவர்கள் வீட்டிலெல்லாம் பூட்டு விழுந்தது. உறவை அறுத்ததும் போதாதென்று சோற்றிலும் கைவைத்தான்.

அவன் பார்த்த தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ. டாலர் மதிப்புள்ள ஏதோ ஒரு காயினை வாங்கி, முன்பின் தெரியாதவர்களுக்கு விற்பான். அவர்கள் இவன் கணக்கில் ரூபாயைப் போடுவார்கள், இவன் காயினை அனுப்புவான். கடைசியாக வாங்கியவன் மார்க்கெட் விலைக்கு மேல் காயினுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தானாம். இவன் வாயெல்லாம் பல்லாக விற்றிருக்கிறான். அவன் போட்ட ரூபாய்தான் அந்தப் பிடுங்கின பணம். என் கடைக்கு எவனாவது வந்து விலைக்கு மேல் கொடுத்து மிளகாய் கேட்டால், முதலில் அவன் முகத்தைப் பார்ப்பேன், அப்புறம் அவன் வந்த வண்டியைப் பார்ப்பேன். முகமே இல்லாதவனிடம் விற்றுவிட்டு அதைப் புது உலகம் என்று சொல்லித் திரிந்தான் என் தம்பி.

எந்த விசேஷத்துக்கு வந்தாலும் பந்தியில் அவன் பக்கத்தில் உட்காருகிறவனுக்குச் சோறு இறங்காது. உலகப் படத்தையே விரிப்பான். எல் சால்வடார் என்று ஒரு நாடாம், அங்கே பிட்காயின்தான் அரசாங்கப் பணமாம், டீக்கடையில் கூட வாங்கிக்கொள்வார்களாம். ஜப்பானில் சட்டமே இருக்கிறதாம். துபாயில் லைசென்ஸ் கொடுத்துக் கூப்பிடுகிறார்களாம். எல் சால்வடாரே பிறகு கட்டாயமில்லை என்று சட்டத்தை மாற்றிக்கொண்டது, சீனாவில் வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது, நேபாளத்தில் இந்த வியாபாரத்துக்குப் போனால் ஜெயில் என்பதையெல்லாம் அவன் சொல்லமாட்டான். சுசித்ரா போனில் படித்துச் சொன்னாள்.

நம் நாட்டில் என்னவென்று ஒருமுறை கேட்டேன். இங்கே அது செல்லுகிற பணமும் இல்லை, தடை செய்த பொருளும் இல்லை, ஆனால் லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி கட்ட வேண்டும் என்றான். மருமகளை வீட்டுக்குள் சேர்க்காமல் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்கிற மாமியார் மாதிரி இருக்கிறதே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

கணக்கு பூட்டியதிலிருந்து தினமும் அவனுக்கு போன் போட்டுக் கிழித்தேன். எனக்குத் தெரிந்த அத்தனை வசவும் தீர்ந்து, கடைக்கு வரும் லோடுமேன்களிடமிருந்து புதிதாகக் கற்றுக்கொண்டு திட்டினேன். அவன் ஒரே பாட்டைப் பாடினான்.

"அக்கா, இங்க இது சட்டப்படி. நான் தப்பே பண்ணல."

"தப்ப மைசூர்ல பண்ணிப்போட்டு சட்டத்த துபாய்ல தேடறியாடா?" என்றேன்.

வந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று வக்கீல் சொன்னாராம். சுசித்ராவுக்குச் சீரை அங்கிருந்தே காயினாக அனுப்பட்டுமா என்று கேட்டான். போனைச் சுவரில் எறிந்தேன். உடைந்தது என் போன்தான்.

மைசூரில் சைபர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தேன். வழக்கு அவர்களுடையது அல்ல. ஆனாலும் அங்கிருந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாக அந்த மாநிலத்து அதிகாரியிடம் பேசிப் பார்த்தார். காயினை யாருக்கு விற்றான், எப்படி விற்றான் என்று உமேஷ் நேரில் வந்து சொல்லி, தன் விற்பனை விவரங்களைக் கொடுத்தால், மற்றவர்கள் கணக்கில் அந்த மொய்த்தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விட்டுவிடலாம் என்றார்கள். "அவரன்ன கர்கொண்டு பன்னி, அம்மா" என்று கன்னடத்தில் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். அவன் என்ன, பக்கத்துத் தெருவிலா இருக்கிறான்?

அன்று மாலை உமேஷைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். கல்யாணத்துக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான், பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் நீ, அவள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எது நடந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், வந்துவிடு என்றேன். போலீஸ் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. சரிக்கா என்றான்.

பொய் சொன்னேன் என்று எனக்குக் கூச்சமில்லை. என் மகளின் கல்யாணம் நிற்பதா, அவன் ஸ்டேஷன் வாசலில் நிற்பதா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் மைசூருக்கு வந்து இறங்கினான். இளைத்திருந்தான். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு சின்னப் பை. என் வீட்டுக்காரர் விஜய்குமார் கடை வண்டியை எடுத்து வந்திருந்தார். மிளகாய் நெடி அடிக்கும் அந்தச் சின்ன டெம்போவில் எனக்கும் அவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மண்டிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பாமல் நேரே போனது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டேஷனுக்குத்தானே போறோம்?" என்றான்.

என் வீட்டுக்காரர் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். நிறுத்தாதீங்க என்றேன்.

"அன்னிக்கே தெரியுங்க்கா. தெனம் திட்டற நீயி திடீர்னு சாப்பிட்டியான்னு கேட்டியே."

"தெரிஞ்சும் எதுக்குடா வந்தே?"

அவன் பெட்டியை என் மடிமேல் தள்ளினான். "பட்டமும் சீருப் பொடவையும் இதுல இருக்குது. என்னய விடலீன்னா வேற ஆரயாச்சும் வெச்சுக் கட்டிப்போடு. என்ற துணி இந்தப் பையில இருக்குது, அது போதும்."

எனக்கு அழுகை வரும் என்று நினைக்கிறீர்கள். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்த அறிவும் இந்தத் தைரியமும் அந்த இரண்டு ரூபாய்க்கு ஆசைப்பட்ட அன்றைக்கு எங்கே போயிருந்தன என்று கேட்டேன். ஸ்டேஷன் படியேறும்போது அவன் சட்டைக் காலர் பின்னால் மடங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற நாளிலும் அப்படித்தான் போவான். எட்டி இழுத்துச் சரிசெய்துவிட்டு, போ என்றேன்.

எல்லா விவரமும் கொடுத்தான். அந்த மாநிலத்திலிருந்து வந்த அதிகாரிகள் அவனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தபோது என் கணக்கு திறந்தது. ஹனூரில் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெரியப்பா கூப்பிட்டு, என்ற காசு வந்திருச்சு அம்மிணி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்துக்கும் அவனை விடவில்லை. அன்று பெரியப்பா மகன் அருண்ராஜை அழைத்துப் பட்டம் கட்டச் சொன்னேன். உமேஷ் கொண்டுவந்த புடவையைத்தான் சுசித்ரா உடுத்தியிருந்தாள். அவளுக்குப் பிடிக்காத நிறம்.

சோறு போடத் தொடங்கியதும் மொய் எழுத உட்கார்ந்தார்கள். முதல் பேர் தாய்மாமன் பேர்தான். எழுத உட்கார்ந்தவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். பூட்டு விழுந்த நாளில் என் தம்பியை மண்ணை வாரித் தூற்றியவர்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டியில் நின்றார்கள்.

"அவன் பேரு எதுக்கு?" என்றார் நஞ்சுண்டசாமிப் பெரியப்பா. "நாளில்லாத நாள்ல மொய்யத் திருப்பிப்போட்டுப் போனவன். நமக்கும் அவனுக்கும் முடிஞ்சு போச்சு. என்ற பேர மொதல்ல எழுதுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். பொன்னம்மாச் சித்தி கூடத் தலையை ஆட்டினாள்.

இத்தனை நாள் அவன்மேல் இருந்த கோபம் முழுக்கவும் அப்படியே இவர்கள் பக்கம் திரும்பியதை உணர்ந்தேன். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. இவர்களுக்கு யார் கொடுத்தது?

"உங்க கணக்கெல்லாந் தெறந்திருச்சுங்களா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"தெறந்திருச்சு."

"முழுசாவுங்களா?"

அவர் யோசித்தார். "அவன் போட்ட மொய்ய மட்டும் எடுக்க முடியாதுன்னு பேங்குல சொன்னாங்க."

"ஆமாங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான். போலீசு அத மட்டும் புடிச்சு வெச்சிருக்குது. உங்க கைக்கு வரலீங்க. அப்பறம் எப்படி அவன் திருப்பினதாவும்? நீங்க செஞ்ச மொய்யி இன்னும் அவங்கிட்டத்தான் இருக்குது. முடிஞ்சு போச்சுன்னு சொல்ல உங்களுக்கே பாத்தியதையில்லீங்க."

பெரியப்பா விசேஷத்தில் எத்தனையோ பஞ்சாயத்து பேசித் தீர்த்தவர். அவருக்கே இதற்கு வழி தெரியவில்லை. பின்னால் யாரோ இலை போட்டாச்சு என்று கூப்பிட்டார்கள். யாரும் நகரவில்லை.

"தாய்மாமன் உமேஷ்னு எழுதுங்க" என்றேன்.

எழுத உட்கார்ந்தவர் எழுதினார். "எவ்வளவுன்னு போடட்டுங்க?"

அந்த இடத்தில் என்ன போடுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சட்டப்படி என்று ஒரு நாடே அவனுக்கு இடம் கொடுத்திருந்தது. அங்கே குளிர்ந்த அறையில் உட்கார்ந்து காயினை எண்ணிக்கொண்டு இருந்திருக்கலாம். பிடிப்பார்கள் என்று தெரிந்தும், நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தும், மிளகாய் வண்டியில் ஏறி உட்கார்ந்தான் அந்த முட்டாள்.

"வந்தான்னு எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதினார். அதற்குக் கீழே தன் பேரை எழுதச் சொல்லிப் பெரியப்பா மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.