குளியல்கூடத்தின் நீலக் கதவு

சாயோகோ மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியைத் தூக்கினாள். அதன் நுனியில் ஒரு கதவு இருந்தது. அரிசிமணியைவிடச் சிறியது, நீல வண்ணம் பூசிய அட்டைத் துணுக்கு. அதை ஒட்டவேண்டிய இடத்தில் பசை தொட்டு வைத்தாயிற்று. அப்போது படுக்கையிலிருந்து அவள் கணவர் கென்சாகு இருமினார். அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தபோது இடுக்கியில் ஒன்றுமில்லை.

"ஒட்டியாச்சா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

அவள் கீழே பார்த்தாள். கோரைப்பாய் பதித்த தரை. ஆயிரம் இடுக்குகள்.

"ஆச்சுங்க."

"காட்டு."

தெருவார் காசு கொடுத்துக் குளிக்கும் குளியல்கூடத்தின் மாதிரி அது, அவள் கட்டைவிரல் அளவுதான். உள்ளங்கையில் வைத்து, பின்பக்கம் அவருக்குத் தெரியும்படி மெதுவாகத் திருப்பினாள். ஓட்டுக் கூரை, விறகு அடுக்கிய கொட்டகை, உயரமான புகைபோக்கி. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகைபோக்கி கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"பிச்சு மறுபடி ஒட்டட்டுமா?"

"வேணாம். எங்க தெருவுல இருந்ததும் சாய்ஞ்சதுதான்." மூச்சு வாங்கியது. "முன்பக்கம் அப்புறம் பார்க்கறேன். அவசரமில்லை."

முப்பது வருடம் ஷிசுவோகா நகரப் பேருந்து ஓட்டியவர். பகலெல்லாம் அத்தனை பெரிய வண்டியைத் திருப்பிவிட்டு வந்து, சாயங்காலம் பல்குச்சி அகலத் தண்டவாளத்தின் முன் உட்கார்ந்துவிடுவார். அவரே வரைந்து, மேசை மேலிருக்கும் லேசர் கருவியில் வெட்டி எடுத்த வீடுகள். அட்டை கருகும் வாசனை சமையலறை வரை வரும். "மீன் தீயுதா, வீடு தீயுதா?" என்று அவள் அங்கிருந்து கேட்பாள். "அஞ்சல் நிலையம்" என்று பதில் வரும். வயிற்றில் நோய் முற்றி எழமுடியாமல் போனதும், வீடுகளும் தண்டவாளமும் பதித்த ஊர்ப் பலகையைத் தலையணை மட்டத்துக்கு இறக்கி வைக்கச் சொன்னார். மேலிருந்து பார்த்தால் பொம்மை, படுத்துப் பார்த்தால்தான் ஊர் என்பார். போன வாரம், நடுங்குகிற வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு நீலம் பூசினார். அதற்குப் பிறகு தூரிகையை எடுக்கவில்லை.

சாயோகோ மண்டியிட்டுத் தேடத் தொடங்கினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. திறந்த ஜன்னல் வழியே ஒஸ்மாந்தஸ் பூவின் மணம் ஈரத்தோடு வந்தது. கன்னத்தைப் பாயில் பதித்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து, ஒவ்வொரு கோரையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எவ்வளவு நேரமோ. பாய் ஒரு வயலாகவும் அதில் அவள் யாருமில்லாமல் நடந்துபோவதாகவும் தோன்றியது. நடுவில் அறையில் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. மழையா, குளிர்பெட்டியா என்று யோசித்தாள். இரண்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

மருத்துவர் வந்து போனார். தலைமாட்டை வடக்கே திருப்பினார்கள், முகத்தில் வெள்ளைத் துணி போட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கென்சாகுவின் அக்கா தொமொயே, மகன் தகேருவோடு ஹமமாட்சுவிலிருந்து வந்து சேர்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் கறுப்பு உடையில் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள்.

"அண்ணி, மிதிக்காதீங்க!"

தொமொயே தூக்கிய காலோடு நின்றாள். "என் தம்பி செத்துக் கிடக்கான். எதை மிதிக்கக் கூடாது?"

"கதவு விழுந்துடுச்சு."

சாயோகோ முழுவதையும் சொன்னாள். ஒட்டியாச்சு என்று சொன்னதை, பின்பக்கத்தைக் காட்டியதை. சொல்லும்போது அழவில்லை. கை மட்டும் பாயைத் தடவிக்கொண்டே இருந்தது.

"அத்தை, மாமா வரைஞ்சது கணினியில இருக்குமே," என்றான் தகேரு. "அஞ்சு நிமிஷத்துல இன்னொண்ணு வெட்டிடலாம்."

"அந்த நீலம் அவர் பூசினதுப்பா."

அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு மண்டியிட்டான். தொமொயே முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே இறங்கினாள். "சின்ன வயசுலயும் இதே ரோதனைதான். வீட்டுல எதைத் தொலைச்சாலும் நான்தான் தேடணும்." கன்னத்தைத் தரையில் வைத்தாள். எதிரே தம்பியின் ஊர். நிலையம், அஞ்சல் நிலையம், மளிகைக் கடை. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே விளக்கு வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது.

"ஏண்டி சாயோகோ, இங்கேருந்து பார்த்தா தெரு முடியவே இல்லையே?"

மந்திரம் ஓதப் புத்த பிக்கு வந்தபோது மூன்று பேரும் அப்படியே தரையில் கிடந்தார்கள்.

"என்ன தொலைஞ்சது?"

"கதவுங்க, சாமி."

அவர் அறையின் கதவைப் பார்த்தார். அது இருந்தது. தகேரு விரல்நுனியில் அளவைக் காட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அங்கியை ஒதுக்கிக்கொண்டு பிணத்தின் கால்மாட்டில் தவழ ஆரம்பித்தார். அன்று மந்திரம் தாமதமாகத்தான் தொடங்கியது. கதவு கிடைக்கவில்லை.

சவப்பெட்டி மூடும் நாளில் சடங்குக்காரர் பணிவாகச் சொன்னார்: "உலோகம், கண்ணாடி வைக்கக் கூடாதுங்க. காகிதம்னா தாராளமா வைக்கலாம்." தகேரு ஊர்ப் பலகையிலிருந்து எடுத்து வந்த ரயிலைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயோகோ கைக்குட்டையைப் பிரித்தாள். குளியல்கூடத்தின் முன்சுவரில் ஒரு சிறு துளை. அதைப் பார்த்தபடி கையை நீட்டாமல் நின்றாள்.

"கதவே இல்லையே அண்ணி."

தொமொயே குனிந்து பார்த்தாள். "இல்லைன்னா என்ன? கடை திறந்திருக்குன்னு அர்த்தம். போய் ஆற அமரக் குளிக்கட்டும்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "அவன் என்ன அவ்வளவு முட்டாளாடி? அவ்வளவு நேரமா ஒருத்தி தரையைத் தேடிட்டிருந்தா தெரியாதா?" என்றாள்.

சாயோகோ அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வெள்ளைச் சாமந்திகளை விலக்கி, கென்சாகுவின் கைக்குப் பக்கத்தில், முன்பக்கம் அவர் முகத்தைப் பார்க்கும்படி வைத்தாள்.

எரித்து முடிந்ததும் எல்லோரும் நீளக் குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் இட்டார்கள். தொமொயேயின் குச்சியிலிருந்து ஒன்று நழுவப் பார்த்தபோது சாயோகோ தன் குச்சியால் தாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணி சுற்றிய கலயப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலமாரி சிறியது. மேசையில் லேசர் கருவி. கடைசியில் ஊர்ப் பலகையை ஒரு சாண் நகர்த்தி, ஜன்னல் ஓரம் இடம் பண்ணி வைத்தாள். தகேரு சட்டைப்பையிலிருந்த ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றி, விசையைத் திருப்பினான்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றாள் தொமொயே சமையலறையிலிருந்து.

"சோறு வைக்கணும் அண்ணி."

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. பாயில் பக்கவாட்டாகச் சாய்ந்து படுத்தாள். மழை விட்டிருந்தது. மாலை வெயில் பெட்டியின் பின்னாலிருந்து வர, அதன் நிழல் மலைநிழல்போலப் பாதி ஊரின் மேல் விழுந்து கிடந்தது. ரயில் அந்த நிழலுக்குள் போனது. சற்று நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது அஞ்சல் நிலையத்துக்குப் பக்கத்தில் வெயிலுக்கு வந்து, வளைவில் திரும்பியது.