குளிப்பாட்டிய தண்ணீர்

பவளம் கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி முடித்தபோது, உள்ளே ஏகாம்பரத்துக்கு இன்னும் மூச்சு இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போதே அவன் சாவுக் குளியலுக்குப் பள்ளம் வெட்டுகிற பெண்டாட்டி உத்திரமேரூர்ப் பக்கம் வேறு எவள் இருப்பாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கேட்டது அவன்தான். அறுபத்தெட்டில் பீகாருக்குப் போனவன், யுரேனியச் சுரங்கத்தில் பதினாலு வருஷம் வேலை. சுரங்கத்து அமிலத் தண்ணீரில் சுண்ணாம்புப் பாலைக் கலந்து, விஷம் சேறாக அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஆற்றில் விடுவார்கள். அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் அவன். செங்கல்பட்டு டாக்டர், இது ஈரல் வியாதி, அந்த வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார். அவன் நம்பவில்லை.

"என் ஒடம்புல இன்னா தங்கிக்கீதுன்னு எனக்குத்தான் தெரியும் பவளம். என்னைக் குளிப்பாட்டுற தண்ணி ஏரிக் கால்வாய்ல போவக்கூடாது. பள்ளத்துல சுண்ணாம்பு கொட்டி அதுல வுடு."

கொழுந்தன் வரதன் வந்து, பள்ளம் எதற்கு என்று கேட்டான். வாழைக்கன்று வைக்க என்று சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொல்லித் தொலைத்தாள்.

பத்து மணிக்கு ஏகாம்பரம் போய்விட்டான். மத்தியானத்துக்குள் பள்ளத்துச் சேதி தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குளிப்பாட்ட வேண்டிய பங்காளிகள், உடம்பு விஷம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வேலியோடு நின்றார்கள். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். செத்தவனுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும் என்றார்கள்.

"வா தம்பி. உங்க அண்ணன்தான?"

"நான் புள்ளகுட்டிக்காரன் அண்ணி." வரதன் அழுதுகொண்டேதான் சொன்னான்.

உடலைக் கயிற்றுக் கட்டிலோடு அவளே, சுண்ணாம்பு கொட்டிய பள்ளத்தோரம் இழுத்து வந்தாள். வரதன் குடம் குடமாகச் சேந்தி வேலியோரம் வைத்தான், கிட்டே வரவில்லை. சீயக்காய் தேய்க்கும்போது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊர்த் தண்ணீருக்காகப் பயந்த மனுஷன், தன்னைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லையே. இனி யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசிக் குடத்தை ஊற்றிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. வேலிப் பக்கம் கை நீட்டினாள்.

வரதன் நாலு எட்டு வந்தான். நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு முனையைத் தன் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு, மறுமுனையை அவளிடம் வீசினான்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.