ஆப்பு வைத்த பெட்டிகள்

மிலோய்கா என் பக்கத்து வீட்டு யெர்னெயோடு வாழ வந்தபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கார் பின்சீட் நிறையப் பிளாஸ்டிக் தொட்டிகளோடு வந்து இறங்கினாள். ரோஸ்மேரி, சேஜ், லாவெண்டர். யெர்னெய் ஜன்னல் சட்டம் செய்கிற தச்சன். தோட்டத்தில் அவளுக்காக மண்ணைக் கொத்தி வைத்திருந்தான். அவள் ஒன்றைக்கூடத் தரையில் நடவில்லை. ஜனவரியில் மலையிலிருந்து இறங்கி வீசும் புர்யா காற்று ஏழு தொட்டிகளை என் முற்றம் வரை உருட்டிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம்தான் தெற்குச் சுவரை ஒட்டி வைக்க லார்ச் மரத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் செய்து தருவதாகச் சொன்னான். ஈர மண்ணின் கனம் பலகைகளை வெளியே தள்ளும். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். மூலைகள் நின்றால்தான் பெட்டி நிற்கும். அதனால் மிச்சத் துண்டுகளில் மூன்று மாதிரி மூலைகள் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்தான். நானும் அங்கேதான் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாவது, பலகையோடு பலகை சேர்த்துத் திருகாணி போட்டது. பலகை முனையில் திருகாணி ரொம்ப நாள் பிடிக்காது என்று அவனே அதைத் தள்ளி வைத்தான். இரண்டாவது, புறாவின் வால்போல விரித்து வெட்டிய பற்களை ஒன்றுக்குள் ஒன்று பூட்டிப் பசை போட்டு இறுக்கியது. அவன் கை அதன் மேலேயே இருந்தது. மூன்றாவதில், ஒரு பலகையின் நாக்கு இன்னொன்றின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாக்கில் ஓர் ஓட்டை, ஓட்டையில் ஓர் ஆப்பு. ஆணியும் இல்லை, பசையும் இல்லை.

மிலோய்கா மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதைப் பிரிக்க முடியும்?"

"ஆப்பு வெச்சதை. ஒரு தட்டு தட்டினா கழண்டு வந்துடும்," என்றான் யெர்னெய்.

"அப்ப அதையே செய்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள உனக்கு ஆப்பு வெச்சுட்டாளே," என்றேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. சூப்பை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நாலு நாள் பட்டறையில் ரம்பச் சத்தம் கேட்கவில்லை. ஏற்கெனவே கூராக இருந்த உளிகளையே தீட்டிக்கொண்டிருந்தானாம். ஐந்தாம் நாள் அவள் காபியோடு உள்ளே போனாள். நடந்ததை யெர்னெய்தான் பிறகு என்னிடம் சொன்னான்.

முந்தைய வீட்டில் அவள் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். அலமாரி, பெஞ்சு, கட்டில் எல்லாம் சுவரோடு சேர்த்து அடித்தவை. போய்விடலாம் என்று முடிவு செய்த பிறகும், எதையும் எடுத்துப்போக முடியாதே என்று இன்னும் ஆறு வருஷம் அங்கேயே கிடந்தாள்.

"உன்னை விட்டுப் போறதுக்குத்தான் கேட்டேன்னு நினைக்காதே," என்றாளாம். "போக முடியும்னு தெரிஞ்சாத்தான் எனக்கு ஒரு இடத்துல நிம்மதியா இருக்க முடியுது."

காபி ஆறிப்போனது. அப்புறம் யெர்னெய் ஒரு பலகையை இழுத்துப் போட்டுப் பென்சிலால் கோடு கிழித்தான்.

"நாக்கைக் கொஞ்சம் நீளமா விடறேன். இல்லேன்னா ஆப்பு ஓரத்தைப் பிளந்துடும்."

ஏப்ரலில் பெட்டிகள் சுவரோரம் வந்தன. அவளே மண் நிரப்பினாள். வெளியே கிடக்கிற பெட்டிக்கு அந்த ஆப்பு மூட்டுதான் சரி, மரம் சுருங்கினால் ஆப்பைத் தட்டி இறுக்கிவிடலாம், பசை நாலு குளிர்காலம் தாங்கியிருக்காது என்று யெர்னெய் என்னிடம் ஒப்புக்கொண்டான். "அது எனக்கு அன்னிக்கே தெரியும். ரோஷம்தான் விடலை," என்றான்.

ஆகஸ்ட் வெயிலில் மரம் சுருங்கியது. ஒரு காலையில் அவன் ஆப்புகளை இறுக்கக் கொட்டாப்புளியைத் தேடினான், காணவில்லை. வெளியே தட்டுகிற சத்தம் கேட்டது. மிலோய்கா மண்டி போட்டு உட்கார்ந்து, மூலை மூலையாக ஆப்பைத் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா அடி," என்றான்.

"வாயால சொல்லாம அந்தப் பக்கத்தைப் பிடி."

அவன் போய்ப் பிடித்துக்கொண்டான்.