சிஸ்டாலிக்கா, டயஸ்டாலிக்கா

காலடியில் இருந்த மிதியை அழுத்தி, ஒலிப்பதிவை மறுபடி பின்னால் ஓட்டினாள். "இடது வென்ட்ரிக்கிள், லேசான..." என்பது வரை டாக்டரின் குரல் தெளிவாக இருந்தது. அதற்கு அப்புறம் பல்லி கத்துவது போல 'டிக்' என்று ஒரு சத்தம். அதை ஒட்டிக்கொண்டு ஒரு சீழ்க்கை. கடைசியில் "...ஸ்டாலிக்" என்ற வால் மட்டும்.

எந்த ஸ்டாலிக்? இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுவதில் கோளாறு என்றால் சிஸ்டாலிக். தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்குவதில் கோளாறு என்றால் டயஸ்டாலிக். தலைதான் மாறுகிறது, அந்தத் தலையைத்தான் டாக்டர் முழுங்கிவிடுகிறார். வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். சீழ்க்கை இன்னும் நீளமானதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை அது. டாக்டர்கள் மேலே நோயாளியைப் பார்த்துவிட்டுக் கருவியில் பேசிவைப்பார்கள். கீழே இவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை எழுத்தாக அடித்து அனுப்புவார்கள். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து இதய டாக்டரின் குரல் அவளுக்குத்தான். அவருக்குச் சளி பிடித்தாலும், அவசரமாக ஓடிக்கொண்டே பேசினாலும் ஒரு சொல் தவறாது. கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைக்குத்தான் சில வாரங்களாகக் கேடு வந்திருந்தது. வால்வு சுருங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா, மேலறையா, கீழறையா, எல்லாமே 'டிக்'கும் சீழ்க்கையுமாக வந்தது. புரியாத இடத்தில் கோடு போட்டு விடுவதுதான் இந்தத் தொழிலின் முறை. அந்தக் கோட்டைப் பார்த்து டாக்டர் சரியான சொல்லை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கோடு அதிகமானால், அடித்தவருக்கு வேலை தெரியவில்லை என்று கணக்கு.

"ரெடியா?" என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். அவர் வாயில் வேறு சொல் வராது என்பதால் அறையில் எல்லோருக்கும் அவர் 'ரெடியா'தான்.

"சார், இதை நீங்களே ஒரு தடவை கேளுங்க." ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. "நான் கேட்டு என்ன ஆகப்போகுது? எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியுமா? கோடு போடாதீங்கம்மா. முன்ன பின்ன பாத்து நிரப்புங்க."

"முன்ன பின்ன பாத்து நிரப்ப இது குறுக்கெழுத்துப் போட்டியா சார்? ஒருத்தரோட இதயம். ரெண்டு மாடி மேலதான் இருக்கார். ஒரு நிமிஷம் போய்க் கேட்டுட்டு வரேன்."

"நேரா போகக்கூடாது. சந்தேகத்தை எழுதிக் குடுங்க, நான் அவங்க செகரெட்டரிக்கு அனுப்பறேன்."

"போன வாரம் எழுதிக் குடுத்தேனே?"

"அனுப்பிட்டேனே."

"பதில்?"

"வரும்."

அவருடன் பேசுவது சுவரோடு முட்டிக்கொள்வது போலத்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோட்டைப் போட்டாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. அவள் எதிர்பார்த்த பதில் அல்ல. சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "காது டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்றாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? யார் சொன்னாங்க?"

"மேல இருந்து."

"மேலன்னா? என்ன காரணம்னு சொன்னாங்களா?"

"சொல்லல. நானும் கேக்கல. மேல இருந்து வந்தா கேக்க முடியுமா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நேராகக் காதுப் பிரிவுக்குப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இருந்த கோபத்துக்கு அவள் அந்தப் பொத்தானை உடைத்துவிடாமல் இருந்ததே பெரிது. பரிசோதித்த பெண் வெளியே வந்து, "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த டெஸ்ட்? பக்கத்து ரூம்ல பேசறதுகூடக் கேக்கும் போலிருக்கே" என்றாள்.

"கேக்குது. அதனாலதான் இவ்வளவு தொல்லை."

ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து சூப்பர்வைசரின் மேஜையில் வைத்தாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "காது நல்லாதானே இருக்கு! அப்ப இனிமே கோடு வராதுல்ல?"

அன்று வீட்டுக்குப் போனவள் தட்டில் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பொரிந்து தள்ளினாள். அவள் கணவர் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் மெழுகிலும் சாந்திலும் பல் வரிசைகளோடு இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் பேசறார் அந்த ஆளு?"

ஒலிப்பதிவை வெளியே கொண்டுவர முடியாது. ஆனால் காதிலேயே குடியிருந்த சத்தம் அல்லவா? நாக்கை மேலே தட்டி ஒரு 'டிக்', பல்லிடுக்கில் ஒரு சீழ்க்கை, பிறகு "...ஸ்டாலிக்" என்று அப்படியே பேசிக் காட்டினாள்.

கணவரின் கை பாதியில் நின்றது. "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"ட வரும்போது டிக்குனு வருது, ஸ வரும்போது விசில் அடிக்குது. அப்படித்தானே?"

"ஆமா."

"மேல் செட்டு," என்றார் அவர். "புதுசா கட்டியிருக்கார். அளவு சரியில்ல. நாக்கு மேல போய்த் தொட்டதும் செட்டு இறங்கி டிக்குங்குது. முன்பல்லுக்குப் பின்னால சந்து இருக்கு, அதுல காத்து போகுது. வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வந்து நிப்பாங்க."

இத்தனை வாரமாக அவள் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு பல் செட்டுக்காகவா?

"நாளைக்கே போய்ச் சொல்றேன்."

"சொல்லித் தொலைக்காதே. இதயம் பழுதுன்னாகூட ஒத்துக்குவாங்க. பல்லு கட்டினதுன்னு சொன்னா அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பேசமாட்டாங்க."

மறுநாள் ஒரே பதிவில் ஆறு இடத்தில் சீழ்க்கை அடித்தது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே "ரெடியா?" என்று கேட்டார். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கோடு போட்ட தாள்களையெல்லாம் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படியேறினாள். அவர் பின்னாலிருந்து "எங்கம்மா? எங்கம்மா போறீங்க?" என்று கூவியது அந்தப் பாம்புக் காதில் விழவில்லை.

மதிய இடைவேளை. டாக்டர் அறையில் தனியாக இருந்தார். அவளை அவருக்கு முகம் தெரியாது. கீழே தட்டச்சு செய்பவள் என்றதும் அவர் முகம் கடுத்தது.

"நீங்கதானா அது? காது டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார். காது நல்லாத்தான் இருக்கு."

"அப்படின்னா இதைப் படிங்க." திரையைச் சட்டென்று அவள் பக்கம் திருப்பினார்.

அவள் அடித்த ரிப்போர்ட். அதில் கோடே இல்லை. 'சிஸ்டாலிக் செயலிழப்பு' என்று தெளிவாக இருந்தது. அவளுக்கு நினைவு வந்தது. அந்த நாளில் நிறையக் கோடு போட்டுத் திட்டு வாங்கியிருந்தாள். இதில் நோயாளிக்குப் பல வருடம் ரத்தக்கொதிப்பு, இதயம் தடித்திருக்கிறது என்று இருந்தது. களைத்துப் போயிருக்கும், சிஸ்டாலிக்காகத்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்து அடித்துவிட்டாள்.

"நான் சொன்னது டயஸ்டாலிக்," என்றார் டாக்டர். பேசும்போது அந்தச் சொல் நேரிலும் டிக்கென்றுதான் வந்தது. "அவங்க குடும்ப டாக்டர் இதைப் படிச்சுட்டு, இதயம் பம்ப் பண்றதே குறைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கார். அந்த ஆளு பயந்துபோய்ப் படியேறறதையே விட்டுட்டார். கட்டிலைக் கீழ் அறைக்குக் கொண்டுவந்து போட்டு, நாள் பூரா படுத்தே கிடக்கார். நடக்கவேண்டிய ஆளு! போன வாரம் அவரா வந்ததால தெரிஞ்சுது. இல்லன்னா?"

அவள் திரையில் அந்தச் சொல்லை இன்னொரு தடவை படித்தாள். காது டெஸ்ட் ஏன் என்று இப்போது புரிந்தது. ஒருவராவது வந்து இதைச் சொல்லியிருக்கலாமே!

"தப்பு என்னோடது சார்," என்றாள். "அன்னிக்குக் கோடு போட்டிருக்கணும். போட்டா திட்டு விழும்னு போடல. சந்தேகத்தை எழுதிக் குடுத்தேன், உங்களுக்கு வந்துச்சா?"

"எனக்கு எதுவும் வரல."

அவள் கையிலிருந்த தாள்களை மேஜைமேல் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் கோடுகள். டாக்டர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

"இவ்வளவா?"

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க மேல் செட்டு லூஸா இருக்கு."

அவர் முகம் ரத்தம் பாய்ந்து சிவந்தது. கை தானாக வாயை மூடியது. "யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரர். அவருக்கு அதுதான் தொழில். உங்களை அவருக்குத் தெரியாது. நான் பேசிக் காட்டினதை வெச்சுச் சொன்னார்."

திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். முன்பல்லு போச்சு. அவசரத்துல கட்டினது," என்றார், குரலைத் தாழ்த்தி. "நோயாளிங்களும் என்ன டாக்டர், என்ன டாக்டர்னு திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. பாதிப் பேச்சைக் குறைச்சுட்டேன். சரிபண்ணப் போகலாம்னா பல் பிரிவு இதே கட்டடத்துல இருக்கு. ஒருத்தன் பாத்தா போதும், சாயங்காலத்துக்குள்ள வாட்ச்மேன் வரைக்கும் தெரிஞ்சுடும்."

"அதைக் கழட்டிட்டுப் பேசிப் பாருங்க சார். நான் பாக்கமாட்டேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் டப்பா திறக்கும் சத்தம். பிறகு மழலை போல ஒரு குரல்: "திஸ்தாலிக்." கொஞ்சம் இடைவெளி. "தயஸ்தாலிக்."

"வித்தியாசம் நல்லாத் தெரியுது சார்!"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியே சுவரைப் பார்த்தபடி அவள் ஒவ்வொரு கோடாக வாசிக்க, அவர் மழலையில் பதில் சொல்ல, அவள் சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டாள். இரண்டு இடத்தில் என்ன சொன்னோம் என்பது அவருக்கே நினைவில்லை. ஸ்கேனை எடுத்து மறுபடி பார்த்துத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து டாக்டர் கதவைத் தாழிட்டுக்கொண்டு பல்லில்லாமல்தான் பேசிவைத்தார். பக்கத்து மேஜைக்காரி அதை ஒரு தடவை கேட்டுவிட்டு, "என்னடி, டாக்டர் கொஞ்சறார்?" என்றாள். "தொண்டை கட்டியிருக்கும்" என்று இவள் முடித்துவிட்டாள். புரியாத இடத்தில் கோடு போட்டால் குற்றமில்லை என்று எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்டாள். எழுதினால் காரணம் சொல்லவேண்டும் என்று அவர் நழுவிவிட்டார். நேராக மாடிக்குப் போனதற்காகச் சூப்பர்வைசர் அவளிடம் விளக்கம் கேட்டார். வழி மாறிப் போய்விட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் டாக்டர் அவளை வாசலில் நிறுத்தி, கைக்குட்டையில் சுற்றிய டப்பாவைக் கொடுத்தார். கணவர் அதிலிருந்த பல் செட்டை இரவே இழைத்து, முன்பல்லுக்குப் பின்னாலிருந்த இடைவெளியை அடைத்துக் கொடுத்தார். காலையில் டப்பாவை டாக்டர் அறையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, இத்தனை நாளும் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"சார், அந்தப் படுத்துக் கிடந்தவர்? திருத்தின ரிப்போர்ட் போச்சா? மேல ஏறிட்டாரா?"

"நானே கூப்பிட்டுச் சொன்னேன். தாராளமா நடக்கலாம், படி ஏறலாம்னு."

"என்ன சொன்னார்?"

டாக்டர் கையை விரித்தார். "முதல்ல அப்படிச் சொன்னீங்க, இப்ப இப்படிச் சொல்றீங்க, மூணாவதா என்ன சொல்லுவீங்களோன்னு கேட்டார். கட்டில் கீழயே இருக்கட்டும்னுட்டார்."

"நான் வேணா பேசிப் பாக்கட்டுமா சார்? தட்டச்சுல நடந்த தப்புன்னு?"

"யாரு பேசினாலும் கேக்கற நிலைமையில அவர் இல்ல."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த ஆளின் முகவரியைக் கேட்டாள். கொடுக்கக்கூடாது என்றார் டாக்டர். கொடுக்கவும் இல்லை.